உப்புத்துறைக்குப் போகும் நான்கு தடங்கள்

புத்தாண்டு வாசிப்பு முடிந்த மறுநாள் காலையிலிருந்து அகாதேபான் ஊரில் உப்புத்துறைக்காரர்கள் நடந்தால் மண்ணில் தடம் விழவில்லை. முந்தின நாள் பெய்த மழையில் சந்தைத் திடல் முழுக்கச் சேறாகக் கிடந்தது. வாத்துக்கும் வான்கோழிக்கும் மயிரில்லாத நாய்க்கும்கூடத் தடம் விழுந்த அந்தச் சேற்றில், தலையில் உப்புக் கூடையோடு குறுக்கே போன நாற்பது பேர் ஒரு குழிகூட விடாமல் போனார்கள். இதை முதலில் பார்த்தவள் திடலைக் கூட்டுகிறவள். அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நல்லதாகப் போயிற்று, இவர்கள் போன இடத்தை இனிமேல் கூட்ட வேண்டாம் என்று சொல்லி மிச்சத்தைக் கூட்டப் போனாள்.

கடலுக்கு அப்பாலிருந்து யாரும் வருவதற்கு முந்தைய காலம் அது. மெக்சிகோ மேட்டுநிலத்து ஏரி ஒன்றின் கரையில், நாவாத்ல் பேசுகிற சனங்களின் ஊர் அகாதேபான். சின்ன ஊர்தான், ஆனாலும் தனி ஊர், தனக்கென்று ஒரு குன்றும் ஒரு நீரும் ஒரு சாமியும் ஓர் அரசரும் உள்ள ஊர். ஊர் என்று சொல்ல அவர்கள் மொழியில் தண்ணீர், மலை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள், அரசரைப் பேசுபவர் என்பார்கள், மற்றவர்களுக்கு வாயில்லை என்பதற்காக அல்ல, அவர் பேசிவிட்டால் அது நடந்ததாகவே ஆகிவிடும் என்பதற்காக. ஏழு குகைகளிலிருந்து ஏழு கூட்டமாகப் புறப்பட்டு, சாமி மூட்டையை மாற்றி மாற்றி முதுகில் சுமந்து, பசியிலும் பனியிலும் நடந்து இந்தக் கரைக்கு அவர்களுடைய முன்னோர் வந்த கதை ஒரு மடிப்புப் புத்தகத்தில் இருந்தது, புத்தாண்டுக்குப் புத்தாண்டு அதை ஊர் கூட்டி வாசிப்பார்கள். மான்தோலில் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் வரைந்த புத்தகம். எழுத்து கிடையாது, படங்கள்தான். ஒரு கூட்டம் நடந்து வந்தது என்று காட்ட அதன் சின்னத்துக்குப் பின்னால் சிவப்பில் கால்தடங்களை வரிசையாகப் போடுவார்கள், தடம் இருந்தால் வந்தவர்கள், வந்தவர்களுக்கே நிலம், அதற்கு மேல் அந்த ஊரில் யாரும் யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

அந்தத் தடங்களை வரைகிற கை நெகாவல் என்ற பெண்ணுடையது. அப்பா செத்த பிறகு பிறந்ததால் விடப்பட்டவள் என்று பொருள்படும் அந்தப் பெயரை அவளுக்கு வைத்திருந்தார்கள். போன வருடக் கடைசியில் பேசுபவர் தாமே நடந்து அவள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் மண்ணில் கால் பட வந்து நின்றது அவளுக்குப் பெருமையாக இருந்தது, இதை அவள் பிறகு எவ்வளவோ முறை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறாள். ஏரியின் நடுவிலுள்ள பெரிய நகரம் உப்புக் கரையைக் கேட்கிறது, கொடுக்காவிட்டால் ஊரையே கேட்கும் என்றார் அவர். உப்புத்துறைக்காரர்கள், அதாவது ஏழாவது கூட்டம், கரை மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சி உப்பெடுக்கிறவர்கள், நடந்து வந்தார்கள் என்று அந்தப் புத்தகம் ஒன்றுதானே சொல்கிறது என்றார். புத்தகத்தில் அவர்கள் வரவில்லை என்றால் கரை யாருடையதும் இல்லை, யாருடையதும் இல்லாததைக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நெகாவலின் மகள் ஷோகோ, கடைக்குட்டி என்று பொருள், அந்த வருடம்தான் உப்புத்துறையில் மத்லால் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அதையும் அவரே எடுத்துச் சொன்னார், உங்கள் மகள் சித்திரக்காரர் தெருவில் பிறந்தவள், அவளுடைய கால் உங்கள் வரிசையில் இருக்கிறது, அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று. மறுத்தால் வரைகிற கை போகும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, அது அவளுக்கே தெரியும். அவள் குனிந்து விரலால் மண்ணைத் தொட்டு நாவில் வைத்தாள். அங்கே சத்தியம் செய்வது அப்படித்தான்.

அன்று பகல் முழுக்க அவள் எரிமலைக் கண்ணாடிக் கத்தியால் ஏழாவது கூட்டத்தின் தடங்களைச் சுரண்டினாள். கள்ளிப்பூச்சியிலிருந்து எடுக்கிற சிவப்பு லேசில் கிடைப்பதில்லை, தொழில்காரர் அதை வீணாக்க மாட்டார்கள், எனவே சுரண்டிய பொடியை ஒரு கிளிஞ்சலில் சேர்த்து வைத்தாள். மத்லாலின் வீட்டுச் சின்னத்தையும் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினாள். கடைசியில் சித்திரக்காரர் தெருவிலிருந்து அந்த வீட்டுக்குப் போகிற நான்கு தடங்கள் மிஞ்சின. ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு அவளுடைய காலை வரைவது வழக்கம். மாப்பிள்ளையின் போர்வை நுனியையும் பெண்ணின் மேல்சட்டையையும் முடிபோட்ட அன்றைக்கே நெகாவல் அவற்றை வரைந்திருந்தாள், அழுதுகொண்டே. இப்போது கத்தியை வைத்தால் கை ஓடவில்லை. இவை என் மகளின் கால்கள், உப்புத்துறைக்காரர்களுடையவை அல்ல என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அப்படியே விட்டாள். நான்கு தடங்கள் வீட்டிலிருந்து கிளம்பி வெள்ளையில் போய் நின்றன.

ஊர் அந்த அதிசயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் மாதம் எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது, உப்புத்துறைப் பிள்ளைகளை ஈரச் சாம்பலில் ஓடவிட்டுப் பார்த்தார்கள், வேட்டைக்காரர்கள் மானுக்குப் பதுங்க அவர்களைக் கூட்டிப்போனார்கள், ஒரு சோளக்காட்டில் கதிர் காணாமல் போனபோது, தடமே இல்லை, ஆகவே உப்புத்துறைக்காரர்தான் என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார், அது எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது. உப்புத்துறைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. காலில் கரி பூசினார்கள், கல்லைச் சுமந்துகொண்டு நடந்தார்கள், ஒரு கிழவர் வாழ்ந்த காலமெல்லாம் நடந்த பாதையில் நாள் முழுக்கக் குதித்துப் பார்த்தார். மண் அவர்களைக் கண்டும் காணாமல் இருந்தது.

அகாதேபானில் ஒரு மரியாதை உண்டு. வாசலுக்கு வந்தவரை எடுத்த எடுப்பில் முகம் பார்க்கக் கூடாது. தலை குனிந்து வாசல் மண்ணில் அவர் வந்த தடத்தைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு, களைத்து வந்திருக்கிறீர்கள், மூச்சைச் செலவழித்து வந்திருக்கிறீர்கள், உள்ளே வாருங்கள் என்று சொல்ல வேண்டும். வந்தவர், வழி என்னை ஒன்றும் செய்யவில்லை என்பார், அதற்குப் பிறகுதான் முகம் பார்ப்பதும் பேச்சும். உப்புத்துறைக்காரர் வந்து நின்றால் குனிந்தவருக்கு மண்தான் தெரிந்தது, யாரும் வரவில்லை என்று உள்ளே போய்விட்டார்கள், இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, மரியாதை தெரிந்தவர்கள்தான் முதலில் அப்படிப் போனார்கள். நாலைந்து மாதத்தில் அது கண்ணுக்கும் பழகிவிட்டது. சந்தையில் உப்பு மட்டும் இருக்கும், வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோளமோ மிளகாயோ பாயில் வைத்துவிட்டுப் போவார்கள், அது யாருடைய பாய் என்று கேட்கத் தோன்றாது. பிறகு உப்பும் குறைந்தது. நோன்பு நாட்களில் உப்பும் மிளகாயும் விடுவது அவர்களுக்குப் பழக்கம்தான், ஆகையால் ஊரே உப்பில்லாமல் சாப்பிட ஆரம்பித்தபோது, ஏதோ நோன்பு போலிருக்கிறது என்று இருந்துவிட்டார்கள், எந்தச் சாமிக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

உப்புத்துறையில் ஒருத்திக்கு மட்டும் தடம் விழுந்தது. ஷோகோ அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் அவளுடைய கால் தெளிவாகப் பதிந்தது, திரும்பிப் போகும்போதும் பதிந்தது, ஏரிக்கரையில் நாணல் முடிந்து வெள்ளைத் தரை தொடங்கும் இடம்வரை. அங்கே தடங்கள் நின்றுவிடும், அதற்கு மேல் அவள் பறந்து போனாற்போல. கோடை முடியும்போது அந்தத் தடங்கள் ஆழமாகத் தொடங்கின, குதிகால் நன்றாக இறங்கியது. கூட்டுகிறவள்தான் அதையும் முதலில் பார்த்தாள், சித்திரக்காரம்மா, உங்கள் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று வந்து சொன்னாள்.

நெகாவலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, அது அரைநாள். மறுநாள் ஷோகோ வந்தாள், உப்பில்லாத அவரைக் குழம்பைச் சாப்பிட்டாள், சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வரும்போது உங்க வாசல் தெரியுது. போகும்போது என் வாசல் தெரியமாட்டேங்குது" என்றாள். "தடவித்தான் கண்டுபிடிக்கிறேன். காலையில எழுந்தா அவர் மூஞ்சியக் கையால தொட்டுப் பாத்துக்கணும். பிள்ளை பிறந்தா அதையும் இப்படித்தான் தேடணுமா?"

நெகாவல் அப்போது சொல்லியிருக்கலாம். கழுத்து மணியே, பச்சை இறகே என்று மகளின் தலையைத் தடவினாள், சொன்னால் இவளும் வராமல் போய்விடுவாள் என்ற பயம். ஷோகோ போன பிறகு அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறக்கப் போவது பெண்ணென்றால் தொப்புள் கொடியை அடுப்புக் கல்லுக்கு அடியில் புதைக்க வேண்டும், பையனென்றால் ஒரு வீரன் கையில் கொடுத்து எல்லையில் புதைக்க வேண்டும், இல்லாத வீட்டில் அடுப்பு ஏது, இல்லாத சனத்துக்கு எல்லை ஏது. அந்தக் குழந்தை எங்கே வந்து சேரும் என்று யோசித்தபோது தொழிலில் தேர்ந்த அவள் மூளை வெள்ளைச் சுண்ணாம்பையே திரும்பத் திரும்பக் காட்டியது.

அவள் பேசுபவரிடம் போனாள். கோரைப்பாய் ஆசனத்தில் இருந்தவர் அவளைக் களைத்து வந்திருக்கிறீர்கள் என்று வரவேற்றார். உப்புத்துறையைத் திரும்ப வரைய உத்தரவு கொடுங்கள், என் கையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் கேட்டபோது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"உப்புத்துறையா? அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத் தரைதானே அம்மா" என்றார். "அதைத்தான் நகரத்துக்காரங்களுக்குக் கொடுத்தாச்சு. அவங்களும் வந்து பாத்துட்டு, ஒண்ணுமில்லாத இடத்தை வெச்சு என்ன பண்றதுன்னு போயிட்டாங்க."

அவர் பொய் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அவர் முகத்தில் பொய்யே இல்லை. ஊரில் அதைப் பற்றி நினைவு வைத்திருக்கிற ஒரே ஆள் தான்தான் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது, செய்தவளுக்கு மட்டும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவுப் பாயை இழுத்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

வருடக் கடைசியில் ஐந்து வீண் நாட்கள் உண்டு. மாதக் கணக்கில் சேராத, எந்தச் சாமியும் பொறுப்பேற்காத நாட்கள். அந்த ஐந்திலும் அடுப்பு எரியாது, சந்தை இல்லை, பயணம் இல்லை, எவரும் எவருக்கும் கதவு திறப்பதில்லை, அப்போது பிறக்கிற குழந்தைக்கு நாளும் இல்லை பெயரும் இல்லை. புத்தாண்டு வாசிப்புக்கு முன்னால் சுண்ணாம்பு உதிர்ந்த இடங்களைச் சரிபார்க்கப் புத்தகம் நெகாவலின் வீட்டுக்கு வரும், ஐந்து நாளும் துணியில் சுற்றி அங்கேயே இருக்கும். மூன்றாம் வீண் நாள் விடியும்போது கதவுப் பாயை யாரோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. நெகாவலுக்கு விழிப்பு வந்துவிட்டது. வீண் நாள், திறக்கக் கூடாது, கெட்டது எதுவோ கூப்பிடுகிறது என்று அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். பழக்கம் என்பது அவ்வளவு கெட்டியாக இருக்கிறது மனுசரிடம். சத்தம் நின்றது.

வெயில் வந்த பிறகு பாயை விலக்கிப் பார்த்தாள். வாசலில் ஷோகோவின் தடங்கள். வந்து நின்று, காலை மாற்றி மாற்றி நின்று, திரும்பிப் போயிருந்தன, குதிகால் இழுபட, பக்கத்தில் சொட்டுச் சொட்டாக ஈரம். பனிக்குடம் உடைந்திருந்தது.

நெகாவல் மருத்துவச்சியின் வீட்டுக்கு ஓடினாள். உள்ளேயிருந்தே, வீண் நாளில் வரமாட்டேன், அதோடு அங்கே வீடே இல்லையே, எங்கே போய்ப் பிரசவம் பார்ப்பது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். நெகாவல் திரும்பி வந்து புத்தகத்தைத் துணியோடு முதுகில் கட்டினாள், கிளிஞ்சலை இடுப்பில் முடிந்தாள், வெறிச்சோடிக் கிடந்த தெருவில் இறங்கி மகளுடைய ஒவ்வொரு தடத்திலும் தன் காலை வைத்து நடந்தாள், வழி தவறிவிடக் கூடாதே என்று. நாணல் முடியும் இடத்தில், தடங்கள் நிற்கும் இடத்தில், ஷோகோ குந்தியிருந்தாள். அவள் பின்னால் சாய்ந்திருந்தாள், ஆனால் விழவில்லை, அவள் தோள்களை யாரோ தாங்கியிருந்தார்கள், நெற்றி மயிரை யாரோ ஒதுக்கிவிட்டார்கள், கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைத் தரையும் காற்றும்தான். நெகாவல் அந்தக் காற்றைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

உச்சி வெயிலில் பெண் குழந்தை பிறந்தது. அழக்கூடப் பிடிக்காமல் சுருங்கிய முகத்தோடு இருந்த அதனிடம் மருத்துவச்சிகள் சொல்வதை நெகாவல் சொன்னாள், களைத்து வந்திருக்கிறீர்கள், மூச்சைச் செலவழித்து வந்திருக்கிறீர்கள் என்று. அப்போதுதான் அது அழுதது. பிறகு அவள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கத்தியை, சுண்ணாம்பை, பேசுபவர் வாசலில் வந்து நின்ற பெருமையை. ஷோகோ திட்டவில்லை. குழந்தையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், அது நெகாவலுக்குத் திட்டைவிடக் கொடுமையாக இருந்தது.

நெகாவல் புத்தகத்தை விரித்தாள். சுரண்டிய இடத்தில், கரையைக் கொடுத்ததற்கு அடையாளமாக, பெரிய நகரத்தின் சின்னத்தை அவளே வரைந்து நிரப்பியிருந்தாள், நான்கு தடங்களின் முடிவில் உள்ளங்கை அளவு வெள்ளைதான் மிச்சம். ஒரு சனத்தை வரைய அது போதாது. கிளிஞ்சலில் இருந்த சிவப்புப் பொடியை, ஏழு குகைகளிலிருந்து நடந்து வந்த அத்தனை கால்களின் பொடியை, ஏரித் தண்ணீரில் குழைத்துப் பேத்தியின் உள்ளங்காலில் பூசி அந்த வெள்ளையில் அழுத்தினாள்.

புத்தாண்டு அன்று திடலில் ஊர் கூடியது. வாசிக்கிறவர் மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பாடிக்கொண்டே வந்தார், அந்த இடம் வந்ததும் பாட்டு நின்றது. விரல் நீளம்கூட இல்லாத ஒரு கால், ஐந்து விரலும் ரேகையும் அப்படியே, எந்தச் சித்திரக்காரரும் வரைய முடியாதபடி. இது யார் என்று அவர் பேசுபவரைப் பார்த்தார். பேசுபவர் நெகாவலைப் பார்த்தார். இது கை தவறிப் பட்ட சிவப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், துடைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"என் பேத்தி" என்றாள் நெகாவல். "உப்புத்துறையில பிறந்தவ. அவளுக்கு முன்னாடி வந்தவங்களை எல்லாம் நான்தான் சுரண்டினேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் பெரியவர்கள் சிலர் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டார்கள், எதையோ ருசி பார்த்து மறந்தவர்கள்போல. புத்தகத்தில் கை வைத்தவளுக்கு என்ன தண்டனை என்பதில் சந்தேகமில்லை. பேசுபவர் பேசினார், இன்னொரு சித்திரக்காரரான சிமல் அங்கேயே உட்கார்ந்து சித்திரக்காரர் தெரு வரிசையில் நெகாவலின் கால்களைச் சுரண்டினார். அந்தச் சின்னக் காலையும் சுரண்டச் சொல்லியிருந்தார்கள். அவர் கத்தியை வைத்தார், எடுத்தார், சுண்ணாம்பு ஈரமாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை. வருடா வருடம் வாசிக்கிறவர் அந்த இடம் வந்ததும் இருமுவார், அடுத்த மடிப்புக்குப் போவார். நாளடைவில் சனங்கள் அந்த இருமலையும் பாட்டோடு சேர்த்துக்கொண்டார்கள், வாசிக்கிறவர் மறந்தால் ஞாபகப்படுத்தினார்கள். சில வருடம் கழித்துச் சந்தைச் சேற்றில் ஒரு சிறுமியின் கால்தடங்கள் காணப்பட்டன, பக்கத்தில் ஒரு கைப்பிடி உப்பு. கூட்டுகிறவள் அந்தத் தடங்களைக் கூட்டாமல் விட்டாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குத் திடலிலிருந்து நெகாவல் தனியாக நடந்தாள். ஈர மண்ணில் அவள் பின்னால் ஒன்றுமே பதியவில்லை, இரண்டு தெரு தாண்டுவதற்குள் தெரிந்தவர்கள் அவள்மேல் இடித்துக்கொண்டு போனார்கள், மன்னிப்புக்கூடக் கேட்காமல். அவள் நாணலைத் தாண்டினாள், தடங்கள் நின்ற இடத்தைத் தாண்டினாள்.

அங்கே உப்புத்துறை இருந்தது. வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன, உப்புப் பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஒரு வருடமாக எங்கேயும் போகாமல் அவர்கள் எல்லாரும் இங்கேயேதான் இருந்திருக்கிறார்கள், அவள் கரைக்கு வந்து வெள்ளைத் தரையைப் பார்த்து நின்ற ஒவ்வொரு முறையும் இப்படித்தான் வாசலில் நின்று அவளைப் பார்த்திருக்கிறார்கள். மத்லால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தான். ஷோகோ அவன் பின்னால் நின்றாள். நெகாவல் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, அவர்கள் வாசலில் தன் தடத்தைத் தேடுவார்கள், ஒன்றும் இருக்காது, உள்ளே போய்விடுவார்கள் என்று காத்திருந்தாள். போனால் நியாயம்தான் என்று நினைத்தாள்.

அவர்கள் மண்ணைப் பார்க்கவில்லை. இந்த ஒரு வருடத்தில் அவர்கள் வேறு மரியாதை பழகியிருந்தார்கள். நாள் முழுக்கக் குதித்துப் பார்த்த அந்தக் கிழவர் கிட்டே வந்து, அவளுடைய மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, நேராக முகத்தைப் பார்த்தார்.

"களைத்து வந்திருக்கிறீர்கள்" என்றார். "மூச்சைச் செலவழித்து வந்திருக்கிறீர்கள். உள்ளே வாருங்கள்."

அதற்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த ஊரில் பேசத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவள் குனிந்து விரலால் மண்ணைத் தொட்டு நாவில் வைத்தாள். உப்புக் கரித்தது.